போலீஸ், கோர்ட் நடைமுறை சொல்லித்தர யாராவது வருவீர்களா?

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் கோயில் கமிட்டிச் செயலாளராக இருக்கிறேன். பையன் பிடிபட்டால் தாய்மார் நடுராத்திரியில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். போன மாதம் ஒருவர் அழுதுகொண்டு வந்தபோது எனக்கே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லக் கேட்கலாம் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. கைது, ரிமாண்ட் (விசாரணைக்காகக் காவலில் வைப்பது) சமயத்தில் மலேசியக் குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியம் இலவசமாக வழக்கறிஞர் தருகிறது. அது தெரியாமல் அந்த அம்மா சங்கிலியை அடகு வைத்துவிட்டார்.

சுற்றுத் தோட்டத் தலைவர்கள் பதினைந்து பேருக்கு ரிமாண்ட், ஜாமீன் பற்றி ஒரு ஞாயிறு காலை தமிழில் விளக்க வழக்கறிஞர் யாராவது வருவீர்களா? ஓய்வுபெற்ற போலீஸ்காரர் கூட வந்தால் இன்னும் நல்லது. மண்டபம் உண்டு, சாப்பாடு எங்கள் பொறுப்பு.