தனி ஆளுக்கு ஒரு துண்டு பெரிய கறி: எத்தனை விசில்?

பாலக்கோட்டிலிருந்து கனடா போய் இரண்டு மாதம்கூட ஆகாத தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, தள்ளுபடியில் கிடைத்தது என்று மாட்டுக்கறி ரோஸ்ட் துண்டு ஒன்று வாங்கிவிட்டேன். 1.2 கிலோ. தனியாக இருக்கிறேன். புது மல்டி குக்கரில் எத்தனை விசில் விடுவது?"

நான் இப்போது லீவில் காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன். கேள்வியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "ஏழு விட்டா போதும்" என்றார், அடுப்பிலிருந்து திரும்பாமலே. ஊர் குக்கருக்கு, சின்னச் சின்னதாக அரிந்த கறிக்கு அது சரியான பதில். உங்கள் மல்டி குக்கர் கரண்டில் ஓடும் பிரஷர் குக்கர், அந்தப் பெட்டிக்கு விசிலே கிடையாது தம்பி. மூடி பூட்டிக்கொள்ளும், ஒரு சின்ன ஊசி மேலே எழும்பும், அப்புறம் சத்தமே வராது. நாம் அமுக்கிய நிமிடக் கணக்கும் அந்த ஊசி எழுந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். அதற்கே பத்து நிமிடம் போகும். கெட்டுப்போய்விட்டதோ என்று நான் முதல் நாள் இரண்டு முறை அணைத்துப் போட்டேன்.

இன்னொன்று, ஊர் குக்கரின் வெயிட் ஏறக்குறைய 15 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தில்தான் தூக்கும். உள்ளே சூடு 121 டிகிரி வரை போகும். மல்டி குக்கர்கள் பெரும்பாலும் 10 முதல் 12 பிஎஸ்ஐக்குள் நின்றுவிடும். சூடு நாலைந்து டிகிரி குறைவு. அதனால் ஊர்க் கணக்கை விட நேரம் கூடத்தான் ஆகும்.

சமைப்பதற்கு முன்னால் பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பாதி வெற்றி அங்கேதான். கனடாவில் துண்டின் பெயரோடு சமைக்கும் முறையையும் அச்சடித்திருப்பார்கள். 'பிளேடு', 'கிராஸ் ரிப்' என்று போட்டு, கூடவே 'பாட் ரோஸ்ட்', அதாவது மூடிவைத்துச் சாற்றில் மெதுவாக வேகவைப்பது, என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அது தோள்பட்டைக் கறி, கொழுப்பும் ஜவ்வும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பார்க்க அழகாக, கொழுப்பே இல்லாமல் உருண்டையாக இருக்கும் 'ஐ ஆஃப் ரவுண்டு' வேண்டாம். அது தொடைக்கறி, இந்தக் குக்கரில் போட்டால் மரத்தூள் மாதிரி ஆகிவிடும். இங்கிலாந்தில் இருப்பவர்கள் 'டாப்சைடு', 'சில்வர்சைடு' இரண்டையும் விட்டுவிட்டு 'பிரிஸ்கெட்' கேளுங்கள், அது நெஞ்சுக்கறி. நல்ல விஷயம் என்னவென்றால், குக்கருக்கு ஏற்ற துண்டுகள்தான் பெரும்பாலும் விலை குறைந்தவை.

ஜவ்வு ஏன் வேண்டும் என்றால், ஆட்டுக்கால் பாயா சாப்பிட்டால் உதடு ஒட்டுமே, அதே சங்கதிதான். ஜவ்வில் இருக்கிற கொலாஜன் நீண்ட நேரச் சூட்டில் உருகி ஜெலட்டின் ஆகிறது. கறி பஞ்சு மாதிரி பிரிவதும் குழம்பு கெட்டியாவதும் அதனால்தான். அது அவசரத்துக்கு உருகாது.

உங்கள் 1.2 கிலோவை இரண்டாக வெட்டி ஒரு பாதியை ஃப்ரீசரில் போடுங்கள். மீதி 600 கிராம் தனி ஆளுக்கு மூன்று நான்கு வேளைக்கு வரும். இங்கேதான் எல்லோரும் ஏமாறுவார்கள்: எடை பாதி, ஆகவே நேரமும் பாதி என்று கணக்குப் போடுவார்கள். குக்கருக்கு எடை தெரியாது, தடிமன்தான் தெரியும். இரண்டு அங்குலத் தடிமன் இருந்தால் துண்டு 600 கிராமானாலும் ஒரு கிலோவானாலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான்.

முதல் நாள் இரவே ஒரு டீஸ்பூன் உப்பைத் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் டிஷ்யூவால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் வதங்காது, வேகும். குக்கரில் வதக்கும் பட்டனை உச்சத்தில் வைத்து, சுத்தமாகக் காய்ந்த பிறகு எண்ணெய் விட்டு, துண்டை வைத்து நான்கு நிமிடம் தொடாதீர்கள். தொடவே கூடாது. தானாக விட்டுக்கொடுக்கும்போது திருப்பினால், அடிப்பக்கம் வறுத்த காபிக்கொட்டை நிறத்துக்கு வந்திருக்கும். எல்லாப் பக்கமும் இப்படி. புகை அலாரம் கத்தும், ஜன்னலை முன்கூட்டியே திறந்துவிடுங்கள். ஜனவரியில் இது ஒரு தனிக் கொடுமை.

கறியை எடுத்து வைத்துவிட்டு, அதே எண்ணெயில் ஒரு வெங்காயம், ஆறேழு பல் பூண்டு, கொஞ்சம் இஞ்சி, இடித்த மிளகு, ஒரு ஸ்பூன் தனியாத்தூள். வெங்காயம் சுருங்கியதும் ஒரு கப் தண்ணீர், அதாவது 250 மில்லி. மூன்று லிட்டர் குக்கருக்கு இது போதும். ஆறு லிட்டர் என்றால் ஒன்றரை கப். தண்ணீர் விட்டவுடன் மரக்கரண்டியால் அடியில் ஒட்டியதையெல்லாம் சுரண்டுங்கள். ருசியே அதில்தான் இருக்கிறது. சுரண்டாமல் விட்டால் குக்கர் பாதியில் 'பர்ன்' என்று காட்டி நின்றுவிடும். கறியைத் திரும்ப உள்ளே வைத்து, அதிக அழுத்தத்தில் 50 நிமிடம். முடிந்ததும் ஆவியை உடனே திறந்துவிடாதீர்கள். 20 நிமிடம் அதுவாக அடங்கட்டும். பெரிய துண்டில் அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் உள்ளே இருக்கும் ஈரம் கொதித்து வெளியேறி, கறி விறைத்துவிடும். மிச்ச ஆவி போக, மூடியில் இருக்கும் ஆவி வால்வைக் கரண்டிக் காம்பால் தள்ளி விடுங்கள். மேல் அலமாரிக்கு அடியில் குக்கரை வைக்காதீர்கள், ஊசி இறங்காமல் மூடியோடு மல்லுக்கட்டவும் வேண்டாம்.

முள்கரண்டியால் குத்திப் பாருங்கள். இறங்கவில்லையா? அதிகமாக வெந்துவிட்டது என்று பயப்படாதீர்கள், தோள்பட்டைக் கறி விறைப்பாக இருந்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். இன்னொரு பத்து நிமிடம் வைத்தால் வழிக்கு வரும். உருளைக்கிழங்கு வேண்டுமானால் கறியை எடுத்த பிறகு அந்தச் சாற்றில் ஐந்து நிமிடம் தனியாக. முதலிலேயே போட்டால் கூழ்தான். கறியைப் பத்து நிமிடம் ஆறவிட்டு நாருக்குக் குறுக்கே அரியுங்கள்.

ஒருவர் கேட்டிருந்தார், ஊரிலிருந்தே குக்கர், மிக்ஸி எல்லாம் எடுத்துப் போகலாமா என்று. விசில் குக்கர் போகலாம், அடி தட்டையாக இருக்க வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் அதற்கேற்ற அடியும் வேண்டும். மிக்ஸி இங்கிலாந்துக்குச் சரி, கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் சரிப்படாது. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போன முறை அம்மாவுக்கென்று கனடாவிலிருந்து மல்டி குக்கர் ஒன்றைத் தூக்கி வந்து, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படிக்காமல், வெறும் பிளக் அடாப்டரை மாட்டிச் சொருகினேன். ஒரு 'டப்'. வீடே இருட்டு. அதன் எவர்சில்வர் உள்பாத்திரத்தில் இப்போது அம்மா ராகி மாவு கொட்டி வைத்திருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் "கனடா டப்பா" என்று காட்டுகிறார்.

அறைத்தோழர்கள் சங்கதியும் உண்டு. நம் பக்கத்துப் பிள்ளைகளிலேயே பெரிய கறி, அதாவது மாட்டுக்கறி, தொடாதவர்கள் இருப்பார்கள். பொதுக் குக்கர் என்றால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் வாசனையைப் பிடித்துக்கொள்ளும், எவ்வளவு கழுவினாலும் முழுசாகப் போகாது. இரண்டாவது வளையம் ஒன்று வாங்கிச் சோற்றுக்கும் பாயசத்துக்கும் தனியாக வையுங்கள்.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் ஏற்றிவிடுங்கள், மூன்று நான்கு நாள் தாங்கும். மறுநாள் திறந்தால் சாறு அல்வா மாதிரி உறைந்திருக்கும். கெட்டுப்போச்சு என்று கொட்டிவிடாதீர்கள், நான் சொன்ன ஜெலட்டின்தான் அது. மேலே படிந்த கொழுப்பை வழித்துவிட்டு, கொட்டைப்பாக்கு அளவு புளியைக் கரைத்து ஊற்றி, இரண்டு வரமிளகாய் தாளித்துக் கொதிக்க விட்டால் களிக்குக் குழம்பு ரெடி. களிக்கு இரண்டு கப் தண்ணீர், உப்பு, ஒரு கப் ராகி மாவு. கொதிக்கிற தண்ணீரில் மாவைக் குவியலாகக் கொட்டி, கிளறாமல் மூடி ஐந்து நிமிடம் சின்னத் தீயில் விட்டு, அப்புறம் மரக்கரண்டிக் காம்பால் கட்டியில்லாமல் கிண்டுங்கள். கையை நனைத்துக்கொண்டு உருட்டுங்கள். இதை மட்டும் மல்டி குக்கரில் முயற்சி செய்யாதீர்கள். கிண்டுகிற வேகத்துக்குப் பெட்டியே மேடையிலிருந்து நகரும்.