கைகுலுக்கக் கற்றுத்தர ஒரு வகுப்பா?

இறுதியாண்டு_மாணவி: எங்கள் துறையில் இந்தப் பருவம் முதல் வாரம் 4 மணி நேரம் வேலைவாய்ப்புப் பயிற்சி கட்டாயமாம். அதற்கு இடம் வேண்டும் என்று நான் எடுக்க நினைத்திருந்த விருப்பப்பாடத்தைத் தூக்கிவிட்டார்கள். முதல் வாரம் முழுக்க எப்படிக் கைகுலுக்குவது, எப்படி உட்காருவது என்று நடத்தினார்கள். இது தேவைதானா?

கரும்பலகை: தேவையில்லை. இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறவன் சொல்கிறேன். இன்று சொல்லித்தரும் மென்பொருள் நாலு வருடத்தில் பழசாகிவிடும், நிகழ்தகவு பழசாகாது. பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்கள் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார்கள். நிறுவனங்கள் தங்கள் செலவில் தர வேண்டிய பயிற்சியைக் கல்லூரியின் தலையில் கட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

நேர்காணல்_மேசை: சார், இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவள் நான். போன மாதம் ஒரு பையன் வந்தான். விண்ணப்பத்தில் ‘குழுவாகப் பணியாற்றும் திறன், கடின உழைப்பு’ என்று எல்லாரும் எழுதும் அதே வரி. கிளறிக் கேட்டால், துறை நூலகத்தில் இருந்த இரண்டு பட்டியல்களை ஒன்றாக்கி, இரட்டைப் பதிவுகளை நீக்க அவனே ஒரு நிரல் எழுதியிருக்கிறான்! இதை ஏன் எழுதவில்லை என்றேன். ‘அது பாடத்தில் வராதே மேடம், சும்மா செய்தது’ என்கிறான். நான் கேட்காமல் விட்டிருந்தால் அவன் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

கரும்பலகை: அதைச் சொல்லித்தர ஒரு மதியம் போதுமே அம்மா. வாரம் 4 மணி நேரம் எதற்கு?

முதல்_பட்டதாரி: ஒரு மதியம் போதாது சார். பெற்றோர் படித்து வேலைக்குப் போகிறவர்களாக இருந்தால் பாதி விஷயம் வீட்டுப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடும். எனக்கு இன்டர்ன்ஷிப் என்ற சொல்லே மூன்றாம் ஆண்டில்தான் தெரியும். தெரிந்தபோது விண்ணப்பிக்கும் தேதி முடிந்திருந்தது.

சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. தெரிந்தவர்கள் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், தகவல் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கும் ஆட்கள்தான் சொல்லியிருக்கிறார்கள். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதானே? புதுச் செய்தி தள்ளி இருப்பவரிடமிருந்துதான் வரும். எங்கள் சொந்தத்தில் எல்லாருக்கும் ஒரே தொழில். அந்தத் தள்ளி இருப்பவரைக் கல்லூரி காட்டாமல் நான் எங்கே போய்ப் பிடிப்பது?

சும்மா_ஒருத்தன்: இதையே லிங்க்ட்இன்னில் 2 கோடிப் பேரை வைத்துச் சோதித்து 2022-இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். கொஞ்சம் தள்ளிய அறிமுகம்தான் அதிகம் உதவியது; மிகவும் தூரத்து அறிமுகத்தில் பலன் மறுபடி குறைகிறது. யாரென்றே தெரியாத நூறு பேருக்கு ஒரே செய்தியை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் கூட்டம் கவனிக்கட்டும்.

பாதிப்படிப்பு_பாதிவேலை: வகுப்பறையில் பயிற்சி என்பதே கோளாறு. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 1906-லேயே பொறியியல் மாணவர்களை மாற்றி மாற்றி வகுப்புக்கும் தொழிற்சாலைக்கும் அனுப்பினார். நான் படித்ததும் அந்த மாதிரி முறைதான். முதல் நான்கு மாத வேலையில் பெரிதாக எதுவும் கற்றுக்கொள்ளவில்லை, ஆனால் ஆய்வகத்தில் நாள் முழுக்க நிற்பது எனக்கு ஆகாது என்று தெரிந்துவிட்டது. இரண்டாம் ஆண்டிலேயே தெரிந்ததால் பாதையை மாற்ற நேரம் இருந்தது.

கரும்பலகை: இதை நான் எதிர்க்கவே இல்லை. பாடத்தைக் கொன்று அந்த இடத்தில் கைகுலுக்கும் வகுப்பு வைப்பதைத்தான் எதிர்க்கிறேன். ஆனால் படித்தவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்பதில் மாற்றமில்லை.

நேர்காணல்_மேசை: எந்த வருடம் பட்டம் வாங்கினோம் என்பதும் இருக்கிறது சார். கனடாவில் பார்த்திருக்கிறார்கள்: பொருளாதார மந்தநிலையில் படித்து வெளியே வந்தவர்களின் சம்பளக் குறைவு ஈடாவதற்குப் பத்து வருடம் வரை ஆகிறது. தேறியவர்களில் பலர் முதலில் கிடைத்த சுமாரான இடத்தில் சேர்ந்து, பிறகு நல்ல இடத்துக்கு மாறியவர்கள். எப்படி மாறுவது என்பது எந்தப் பாடத்தில் வருகிறது?

கரும்பலகை: சரி, அது எதிலும் வராது. அதற்காக விருப்பப்பாடத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இறுதியாண்டு_மாணவி: சண்டை நடக்கட்டும். நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் துறையில் மூன்று வருடம் முன்பு படித்த அக்கா ஒருவருக்கு இதை அனுப்பலாமா? ‘வணக்கம் அக்கா. நானும் உங்கள் துறைதான், இறுதியாண்டு. கடின உழைப்பும் ஆர்வமும் உடையவள். தரவுப் பகுப்பாய்வில் முதல் வருடம் உங்களுக்கு எப்படி இருந்தது என்று 15 நிமிடம் பேச முடியுமா?’

நேர்காணல்_மேசை: மூன்றாவது வாக்கியத்தை வெட்டிவிட்டு அனுப்பும்மா.

கரும்பலகை: அந்த விருப்பப்பாடம் அவருக்குப் பயன்பட்டதா என்றும் கேள்.