போர் தண்ணீர்: கறுப்புத் துணியில் வெள்ளைத் திட்டு, சிங்க்கில் மலைபோல் பாத்திரம்

கேள்வி: வீட்டில் ஆறு பேர், 6.5 கிலோ டாப் லோட் மெஷின், போர் தண்ணீர். யூனிஃபார்ம் பேன்ட்டில் வெள்ளைத் திட்டு போகவே மாட்டேன் என்கிறது. பவுடரைக் கூட்டியும் பலனில்லை. இரவுப் பாத்திரம் காலை வரை கிடக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: பவுடரைக் கூட்டினால் திட்டும் கூடும் அக்கா. உப்புத் தண்ணீரில் பவுடர் சரியாகக் கரையாது. ஒரு மக் வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள், அல்லது லிக்விடுக்கு மாறுங்கள். டிரம்மில் முக்கால் பாகத்துக்கு மேல் துணி வேண்டாம். அமுக்கித் திணித்தால் தண்ணீர் உள்ளே புகாது. கறுப்புத் துணிக்கு ஒரு ரின்ஸ் கூடுதலாக வையுங்கள். லின்ட் ஃபில்டர் பையை (டிரம்முக்குள் துணித் தூசு சேரும் வலைப்பை) வாரம் ஒருமுறை கழற்றி உதறிக் கழுவுங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

பதில் 2: தண்ணீர் மெதுவாக ஏறினால் குழாய் மாட்டும் இடத்திலுள்ள சின்ன வலையையும் பாருங்கள். மணல் அடைத்திருக்கும்.

பதில் 3: பாத்திரத்துக்கு வருகிறேன். மாவுப் பாத்திரம், பால் பாத்திரம் இரண்டிலும் உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். வெந்நீர் வேண்டாம், ஒட்டியது இன்னும் இறுகும். எண்ணெய்ச் சட்டியை முதலில் பழைய பேப்பரால் துடைத்துவிட்டால் ஸ்க்ரப்பர் பிசுக்காகாது. டம்ளர், தட்டு, கடைசியில் சட்டி என்ற வரிசையில் தேய்க்கவும். அடிப்பிடித்த எவர்சில்வரில் இரண்டு ஸ்பூன் ஆப்பசோடா போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் கருகல் இளகும். அலுமினியத்தில் செய்யாதீர்கள், கறுத்துவிடும்.