மறு: பிக்ஸல் ஆர்ட் – ‘கட்டச்சித்திரம்’ என்று சொல்லலாமா?

ஐயா, வணக்கம். குழு நண்பர்களுக்கும் வணக்கம். பழைய வீடியோ கேம்களில் பார்ப்போமே, சின்னச் சின்னச் சதுரங்களில் நிறம் நிரப்பி வரையும் படம், அந்தப் ‘பிக்ஸல் ஆர்ட்’டுக்குத் தமிழில் ‘கட்டச்சித்திரம்’ என்று பெயர் வைக்கலாம் என்றேன். அதற்கு நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> ‘புள்ளியோவியம்’ என்றே வைத்துவிடலாமே. புள்ளிக்கோலம் தெரியாதவர் யார்?

முதலில் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் மார்கழிக் காலையில் மயிலாப்பூர் மாடவீதியில் ஒரு சிக்குக்கோலத்தைக் குனிந்து பாருங்கள். கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகும். அங்கே புள்ளி வழிகாட்டி, கோடுதான் கோலம். பிக்ஸல் ஆர்ட்டில் கோடு என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரு சதுரத்துக்கு ஒரு நிறம், அவ்வளவுதான். அதற்கு நெருங்கிய உறவு, என் அம்மா மேட்டி துணியில் போடும் கிராஸ் ஸ்டிச். கட்டத்தை எண்ணி எண்ணித்தான் கிளிமூக்கை வளைப்பார். கிட்டத்தில் பார்த்தால் படிக்கட்டு மாதிரி இருக்கும், நாலடி தள்ளி நின்றால் மூக்கு.

ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நிண்டெண்டோவிலும் அன்று கட்டம் போட்ட தாளில்தான் வரைந்தார்கள். 1981-இல் ‘டாங்கி காங்’ ஆட்டத்துக்கு ஷிகெரு மியாமோட்டோ மாரியோவை வரைந்தபோது வாய் வரையக் கட்டம் போதவில்லை, மீசை வைத்தார். தலைமுடி வரைவது கடினம், தொப்பி போட்டார். கை அசைவது தெரிய வேண்டும் என்பதற்காக ஓவரால் மாட்டினார். உலகமே அறிந்த அந்த முகம் கட்டப் பற்றாக்குறையில் பிறந்தது. ‘கட்டம்’ பெயரிலேயே இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது அதனால்தான்.

> பழைய டிவியில் சதுரம் எங்கே தெரிந்தது?

உண்மை. ரிச்சி தெருவில் வாங்கிய வீடியோ கேம் கேசட்டைச் செருகி நான் ஆடிய நாளில் ஓரமெல்லாம் கசிந்துதான் தெரிந்தது. அந்தக் கசிவையும் கணக்கில் வைத்து நிறம் தேர்ந்தவர்கள் உண்டு. ஆனாலும் கை வேலை செய்தது கட்டத்தில். பெயர் அந்தக் கையின் பக்கம் நிற்கட்டும்.

> ‘படவணு வரைகலை’ இன்னும் துல்லியம் அல்லவா?

பிக்ஸலுக்குப் ‘படவணு’ துல்லியம்தான், ஆனால் கணினிப் பாடப்புத்தக வாசனை அடிக்கிறது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-இல் ‘பேக்-மேன்’, ‘டெட்ரிஸ்’ உட்பட 14 ஆட்டங்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. அங்கே இடம் கிடைத்த பிறகு நாம் ஏன் ‘சித்திரம்’ என்று சொல்லத் தயங்க வேண்டும்?

> ஆட்டத்தின் லெவலுக்கு ஏற்கெனவே ‘கட்டம்’ என்று எழுதுகிறோமே?

இதற்குத்தான் என்னிடம் சட்டென்று பதில் இல்லை. ‘மூன்றாம் கட்டத்தில் வரும் கட்டச்சித்திரம்’ என்று எழுதிப் பார்த்தேன், குழப்புகிறது. லெவலை ‘நிலை’ என்று மாற்றிக்கொண்டால் தீர்ந்துவிடும். ‘மூன்றாம் நிலையில் வரும் கட்டச்சித்திரம்’ – வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், தடுக்கவில்லை.

அப்புறம், வரைபவரை என்னவென்று அழைப்பது? ‘கட்டச்சித்திரக்காரர்’ கொஞ்சம் நீளம். ‘கட்ட ஓவியர்’ போதுமா? அக்கா, நீங்கள் நெசவுச் சொற்கள் தொகுத்தவர். பட்டுச் சேலைக்கு டிசைன் தாளில் கட்டம் நிரப்புகிறவருக்குக் காஞ்சிபுரத்தில் ஏதாவது பெயர் வழங்குகிறதா? இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
திருவல்லிக்கேணியிலிருந்து