தோகி போனாவின் 'பி'யைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புடையீர்,

தோகி போனா என்னும் ஆக்க மொழியின் (ஒருவர் திட்டமிட்டு உருவாக்கிய மொழியின்) 'பி' என்னும் சொல்லை 'உடைமை இடைச்சொல்' என்று குறித்தால் போதும் என முந்தைய மடலில் ஒரு கருத்து வந்திருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சோன்யா லாங் 2001இல் வெளியிட்ட இம்மொழியில் என் வீடு என்பது 'தோமோ மி', அவ்வளவுதான். தோமோ வீடு, மி நான். உடைமையைக் காட்ட அங்கே 'பி' தேவைப்படவே இல்லை.

அது செய்யும் வேலை வேறு. இம்மொழியின் பெயர்த்தொடரில் தலைச்சொல் முதலில் நிற்க, பின்னால் வரும் ஒவ்வோர் அடையும் (தன்மை உணர்த்தும் சொல்லும்) தனக்கு முன்னுள்ள அனைத்தையும் சேர்த்தே தழுவும். யான் என்பது ஆள், போனா நல்லது, மூதே பல அல்லது மிக. ஆகவே 'யான் போனா மூதே' நல்லவர்கள் பலரைக் குறிக்க, 'யான் பி போனா மூதே' என்பதில் 'பி' பின்னுள்ள இரண்டையும் ஓர் அடையாக்குவதால் அது மிக நல்லவரைக் குறிக்கிறது.

நமக்கு இது புதிதன்று. அடை, சினை (உறுப்பு), முதல் (உறுப்பை உடைய முழுப்பொருள்) என்னும் முறை மயங்காது வர வேண்டும் என்கிறது தொல்காப்பியம். உரையாசிரியர்கள் அதற்குக் காட்டுவது 'செங்கால் நாரை'. இதைச் சற்றே பொதுமைப்படுத்திச் செங்கால் பறவை என்று கொண்டு தோகி போனாவில் 'வாசோ நோகா லோயே' (வாசோ பறவை, நோகா கால்) என்று எழுதினால், லோயே என்னும் சிவப்பு நிறம் காலைத் தாண்டிப் பறவையின் மேல் ஏறிவிடும். 'வாசோ பி நோகா லோயே' என்றால்தான் காலோடு நிற்கும். தமிழில் 'செங்கால்' என்று புணர்ந்த பிறகு சிவப்பை நாரைக்கு ஏற்ற எவருக்கும் தோன்றாது; புணர்ச்சி இல்லாத மொழிக்கு அந்த வேலையைச் செய்யத் தனிச்சொல் ஒன்று வேண்டியிருக்கிறது.

எனவே 'பி'க்குப் பெயராக 'அடைகூட்டி' என்பதை முன்வைக்கிறேன். முதலில் 'அடைதொகுப்பி' என்றே எழுதினேன். ஆனால் கணினித் துறையினர் கம்பைலருக்குத் 'தொகுப்பி' என்று வழங்குவதால் விட்டுவிட்டேன். 'கூட்டி' என்பது அடையின் எண்ணிக்கையைக் கூட்டுவதாகப் பொருள்படாதா என்று கேட்கலாம். 'பி'க்குப் பின் குறைந்தது இரண்டு சொற்களாவது வர வேண்டும் என்பதே பொது வழக்கு. அவ்விரண்டையும் ஒன்றுகூட்டி ஓர் அடையாக்குவதே அதன் பணி என்பதால், அந்த மயக்கம் முதல் எடுத்துக்காட்டிலேயே தீர்ந்துவிடும்.

ஒரே தொடரில் இரண்டு 'பி' வந்தால் இரண்டாவது எதைத் தழுவும் என்பதில் அம்மொழியாளரிடையேயே ஒருமித்த கருத்தில்லை. அந்த அமைப்புக்குப் பெயர் சூட்டுவதை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம்.