குறைந்த விலைக் கடையும் பெரிய டிசைனரும்: ஒரே முறை வரும் கலெக்‌ஷனுக்கு எவ்வளவு சரக்கு, எத்தனை கடை?

அலமாரி_எண்12

வணக்கம். குறைந்த விலையில் துணி விற்கும் பெரிய சங்கிலிக் கடை ஒன்று, பெயர்பெற்ற டிசைனருடன் சேர்ந்து ஒரு லிமிடெட் எடிஷன் வெளியிடப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 24 டிசைன், ஒவ்வொன்றிலும் 5 சைஸ், மொத்தம் 1,20,000 உருப்படி. 1,000 கடைகள், ஒரு இணையதளம்.

‘ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோனால்தான் வெற்றி’ என்று பலர் சொல்கிறார்கள். அது சரியா? சரக்கை எல்லாக் கடைகளுக்கும் பிரிக்கலாமா? டிசைனருக்கு மொத்தத் தொகையா, விற்பனையில் ஒரு பங்காகத் தரும் ராயல்டியா? எத்தனை மாதம் முன்னால் வேலையைத் தொடங்க வேண்டும்? விளம்பரப் பேச்சு வேண்டாம், கணக்கோடு சொல்பவர்கள் சொல்லுங்கள்.

கிடங்குச்சாவி

கடை எண்ணிக்கையிலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலான திட்டங்கள் சறுக்குவது அங்கேதான்.

1,20,000-இல் 36,000-ஐ ஆன்லைனுக்கு ஒதுக்குங்கள். 12,000 கிடங்கிலேயே இருக்கட்டும். குறைபாட்டுக்கு மாற்றித் தரவும், முதல் நாள் பார்த்துவிட்டு எந்த ஊரில் தேவை அதிகமோ அங்கே அனுப்பவும் அது வேண்டும். மீதி 72,000. 24 டிசைன், 5 சைஸ் என்றால் 120 வகை. வகைக்குச் சராசரி 600. அதை 1,000 கடைக்குப் பிரித்தால் கடைக்கு ஒன்றுகூட வராது. 300 கடை என்றால் இரண்டு, 100 கடை என்றால் ஆறு. இரண்டு உருப்படி வந்த கடையில் கதவு திறந்த சிறிது நேரத்திலேயே நடு சைஸ் போய்விடும். அப்புறம் ஓரத்து சைஸ்கள் மட்டும் நாள்கணக்கில் தொங்கும். அதைப் பார்த்துவிட்டுப் போகிறவர் மனதில் பதிவது டிசைனரின் பெயரல்ல, காலி ஹேங்கர். அதனால் 100 முதல் 120 கடை போதும். மற்ற ஊர்க்காரர்களுக்கு ஆன்லைன்.

சராசரி 600 என்றேன், ஆனால் சமமாகப் பிரிக்கக் கூடாது. டிசைனுக்கு 3,000 உருப்படி என்றால் 1:2:3:2:2 என்ற விகிதத்தில் 300, 600, 900, 600, 600 என வரும். இந்த விகிதத்தை உங்கள் கடையின் கடந்த இரண்டு ஆண்டு விற்பனையிலிருந்து எடுங்கள், டிசைனரின் வழக்கத்திலிருந்து எடுக்காதீர்கள். 2004 நவம்பரில் பிரபல டிசைனர் கார்ல் லாகர்ஃபெல்ட், எச் அண்ட் எம் என்ற குறைந்த விலைத் துணிக்கடைச் சங்கிலியுடன் சேர்ந்தபோது, எண்ணிக்கை குறைவாகத் தயாரித்ததையும் பெரிய சைஸ்களில் தைத்ததையும் அவரே வெளிப்படையாகக் குறை சொன்னார். வாங்குகிறவர் யார் என்பதில் இரு தரப்புக்கும் ஒரே படம் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். 2015 ஏப்ரலில் லில்லி புலிட்ஸர் என்ற உடை நிறுவனமும் டார்கெட் என்ற அமெரிக்க சங்கிலிக் கடையும் சேர்ந்து வெளியிட்ட கலெக்‌ஷனில் கூடுதல் பெரிய சைஸ்களை ஆன்லைனில் மட்டும் வைத்தார்கள். வெளியாவதற்கு முன்பே அதற்குக் கண்டனம் கிளம்பியது.

ஒரு மணி நேரத்தில் தீர்வதை நான் வெற்றியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2011 செப்டம்பர் 13 அன்று இத்தாலிய உடை நிறுவனமான மிஸ்ஸோனி, டார்கெட் கூட்டில் சுமார் 400 பொருட்கள் வந்தன, சைக்கிள் உட்பட. பல வாரங்கள் ஓட வேண்டிய சரக்கு. முதல் நாளே தளம் முடங்கியது. பல கடைகள் காலியாயின. ஆன்லைன் ஆர்டர்கள் தாமதமாயின, சில ரத்தாயின. அதே பொருட்கள் யாரும் பொருள் விற்கக்கூடிய ஈபே தளத்தில் கூடுதல் விலைக்கு ஏறின. பேச்சு கிடைத்தது உண்மை. ஆனால் கூடுதல் விலையின் லாபம் மறுவிற்பனைக்காரருக்கு, திட்டு கடைக்கு. அதிகம் கேட்கப்படும் நாலைந்து டிசைன் மூன்று நாளிலும், மொத்தமும் இரண்டு மூன்று வாரத்திலும் தீரும்படி திட்டமிடுங்கள்.

அடக்கவிலை

மேலே சொன்னதோடு பணக் கணக்கையும் பாருங்கள். இவை உதாரண எண்கள்தான், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

விலை 100, விற்பனை வரி போக 85. வழக்கமான சொந்தத் தயாரிப்பின் அடக்க விலை 30. அதில் 60 சதவீதம் முழு விலைக்கும் 40 சதவீதம் பாதி விலைக்கும் போனால் சராசரி வரவு 68, கையில் நிற்பது 38.

கூட்டுக் கலெக்‌ஷனில் துணியும் அச்சும் கூடுதல் என்பதால் அடக்கம் 38, ராயல்டி நிகர விற்பனையில் 6 சதவீதம். 95 சதவீதம் முழு விலைக்குப் போனால் வரவு ஏறக்குறைய 83, ராயல்டி 5, நிற்பது 40. அதாவது உருப்படிக்கு லாபம் கிட்டத்தட்ட அதேதான்! இதுவே 60 சதவீதம்தான் முழு விலைக்குப் போகிறது என்றால், 68-இல் 38-ம் 4-ம் கழிந்து நிற்பது 26.

ஆகவே கூடுதல் லாபம் அந்த உடுப்பில் இல்லை. அதைத் தேடி முதல்முறையாக உள்ளே வந்தவர் அதே பில்லில் வேறு என்ன வாங்கினார், 90 நாளுக்குள் திரும்பி வந்தாரா என்பதில்தான் இருக்கிறது. இதை அளக்க முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். கலெக்‌ஷன் பொருட்களுக்குத் தனிக் குறியீடு கொடுங்கள். அந்தக் குறியீடு உள்ள பில்களைத் தனியாகப் பிரியுங்கள். கலெக்‌ஷன் போகாத, அளவிலும் இடத்திலும் ஒத்த கடைகளை ஒப்பீட்டுக்கு வையுங்கள். ஒப்பீடு இல்லாமல் ‘கூட்டம் கூடியது’ என்று எழுதும் அறிக்கையால் பயனில்லை.

எல்லாப் பெயரும் இழுக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். 2012 ஆண்டிறுதியில் டார்கெட்டும் உயர்விலைக் கடையான நீமன் மார்கஸும் 24 டிசைனர்களைச் சேர்த்து ஒரு பரிசுப்பொருள் கலெக்‌ஷன் கொண்டுவந்தன. மந்தமாக விற்று, கடைசியில் பெரும் தள்ளுபடியில் போனது. அதில் டிசைனர் டயான் வான் ஃபர்ஸ்டன்பர்க் பெயரில் யோகா பாய் இருந்தது. அவருடைய புகழ் சுற்றிக் கட்டும் உடையில், பாயில் அல்ல. மிஸ்ஸோனியின் வளைந்து வளைந்து போகும் கோடு இருபது அடி தூரத்திலேயே அடையாளம் தெரியும். லேபிளை மூடிவிட்டுப் பார்த்தாலும் யாருடையது என்று தெரிகிறதா? என் முதல் சோதனை இதுதான்.

பாவும்_ஊடும்

காலக்கெடுவைப் பின்னோக்கி எண்ணுங்கள். கிடங்கிலிருந்து கடைக்கு 3 வாரம், கப்பல் 6, தையல் 8, துணியும் அச்சும் 10. மொத்தம் 27 வாரம். அதாவது இறுதி மாதிரி கையெழுத்தாகி முத்திரை குத்தப்பட வேண்டியது வெளியீட்டுக்கு 27 வாரம் முன்னால். அதற்கு முந்தைய ஓவியம், துணித் தேர்வு, சாய மாதிரி, அச்சு மாதிரி, அளவு மாதிரி எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு ஏழு மாதம். ஒப்பந்தம் 14 மாதம் முன்னால் முடிந்திருக்க வேண்டும்.

தாமதம் பெரும்பாலும் வண்ணத்தில்தான் வரும். டிசைனர் பட்டில் அச்சடித்த நிறத்தை பாலியஸ்டரில் கேட்பார். இரண்டுக்கும் சாய வகையே வேறு. ஆழமான சிவப்பும் கருநீலமும் அப்படியே வராது. அவருடைய பழைய உடையைக் கொடுத்து ‘இதே நிறம்’ என்று சொல்லாதீர்கள். நீங்கள் தைக்கப் போகும் துணியிலேயே மூன்று மாதிரி அடித்து, பகல் வெளிச்சத்திலும் கடை விளக்கிலும் வைத்துக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

கோடும் பெரிய பூவும் உள்ள டிசைனில் பக்கத் தையலில் கோலம், அதாவது துணியில் உள்ள வடிவம், பொருந்த வேண்டும். பொருத்தி வெட்டினால் துணிச் செலவு 10 முதல் 20 சதவீதம் கூடலாம். பொருத்தாமல் விட்டால் முதல் நாளே படம் எடுத்துப் போடுவார்கள். கோலத்தின் அளவைச் சிறிதாக்குவது அல்லது பக்கத்தில் ஒற்றை நிறப் பட்டை வைப்பது நல்ல வழி. ஸ்கிரீன் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன். 12 நிறத்தை 7 ஆக்கினால் செலவும் குறையும், பிசகும் குறையும். செட்டாக விற்கும் மேல் சட்டையையும் பாவாடையையும் ஒரே தடவையில் சாயமிட்ட துணியிலிருந்து வெட்டச் சொல்லி ஆர்டரிலேயே எழுதுங்கள். மரக்கூழ் இழைத் துணியான விஸ்கோஸ் என்றால் துவைத்த பின் சுருக்கத்தைச் சோதிக்காமல் வெட்டவே கூடாது.

மிச்சம் பிடிக்க வேண்டுமானால் உள் பையில், கை வேலைப்பாட்டில், டிசைன் எண்ணிக்கையில் பிடியுங்கள். கைக்குத் தெரியும் துணி, பட்டன், ஜிப் மூன்றிலும் வேண்டாம். 24 டிசைனை 18 ஆக்கினால் மேலே கிடங்குச்சாவி போட்ட கணக்கும் நிமிரும்: 90 வகை, வகைக்கு 800.

ஷரத்து_ஏழு

மொத்தத் தொகையா ராயல்டியா என்ற கேள்விக்கு: ஒரே முறை விற்கும் சரக்குக்கு, குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையும் அதைத் தாண்டினால் நிகர விற்பனையில் ராயல்டியும் என்பது இரு பக்கமும் ஏற்கும் வழி. ‘நிகர விற்பனை’ என்றால் வரி, திருப்பி வந்த சரக்கு, தள்ளுபடி எல்லாம் கழித்ததா என்று ஒரு வரியில் எழுதிவிடுங்கள். சண்டை வருவது அந்த வரியில்தான்.

ஒப்புதலுக்குக் கெடு வையுங்கள்: 7 வேலை நாளில் பதில் இல்லையென்றால் ஏற்றதாகக் கொள்ளப்படும். மொத்த அளவையும் சைஸ் வரம்பையும் இணைப்பில் எண்ணாகப் போடுங்கள். லாகர்ஃபெல்ட் விஷயம் போல் பிறகு பத்திரிகையில் பேச இடம் இருக்கக் கூடாது. விற்காத சரக்கை எத்தனை நாளுக்குள், எவ்வளவு தள்ளுபடி வரை விற்கலாம், அதன்பின் லேபிளை வெட்டி எடுக்க வேண்டுமா என்பதையும் சேருங்கள். அதே அச்சை உங்கள் சொந்த லேபிளில் இரண்டு ஆண்டுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதியை அவர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான், கொடுங்கள்.

டிசைனர் தரப்புக்கும் ஆபத்து உண்டு என்பதை மதித்துப் பேசுங்கள். 1983-இல் அமெரிக்க டிசைனர் ஹால்ஸ்டன், ஜேசி பென்னி சங்கிலிக் கடைக்காக மலிவு வரிசை கொண்டுவந்தபோது, உயர்விலைக் கடையான பெர்க்டார்ஃப் குட்மேன் அவருடைய உயர் வரிசையை விற்பதை நிறுத்தியது. தன் பெயரின் உரிமையை அவர் 1973-லேயே விற்றிருந்தார். அதனால் நீங்கள் கையெழுத்து வாங்குகிறவரிடம் பெயரின் உரிமை உண்மையில் இருக்கிறதா என்று வர்த்தகமுத்திரைப் பதிவை முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

அலமாரி_எண்12

எல்லோருக்கும் நன்றி. 18 டிசைன், 100 கடை என்று மாற்றிப் பார்க்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். ஒரே முறை வெளியீட்டை விட நீண்டகால ஒப்பந்தம் நல்லதா? மறுவிற்பனைக்காரரை எப்படிக் கட்டுப்படுத்துவது?

அடக்கவிலை

வீட்டுப் பொருள் என்றால் நீண்டகாலம்தான் என் கட்சி. கட்டிடக் கலைஞர் மைக்கேல் கிரேவ்ஸ் 1999-இல் டார்கெட்டில் தொடங்கிய வீட்டுப் பொருள் வரிசை பத்து ஆண்டுக்கு மேல் ஓடியது. வாஷிங்டன் நினைவுத்தூண் பழுதுபார்ப்புக்கு அவர் வடிவமைத்த சாரத்துக்கு டார்கெட் நிதி கொடுத்ததில் பிறந்த உறவு அது. கெட்டில் போன்ற பொருளுக்கு அச்சு வார்க்கும் செலவை ஒரே சீசனில் எடுக்க முடியாது. துணியில் டிசைனர் ஐசக் மிஸ்ராஹி 2003 முதல் 2008 வரை டார்கெட்டுடன் இருந்தார். ஜப்பானிய உடைக்கடைச் சங்கிலி யூனிக்லோவும் டிசைனர் ஜில் சாண்டரும் 2009-இல் தொடங்கி 2011-இல் நிறுத்தி, 2020-இல் மறுபடி வந்தார்கள். இந்த நடுவழியும் யோசிக்கத் தக்கது. முதல் முறை எடுத்த, துணி வெட்டுவதற்கான அளவு வார்ப்புகளும் ஆலைத் தொடர்பும் இரண்டாம் முறைக்கு உதவும்.

கிடங்குச்சாவி

நீண்டகாலம் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. முதல் வெளியீட்டின் 90 நாள் எண்களைப் பார்க்காமல் மூன்று ஆண்டு உத்தரவாதத் தொகைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். புதுப்பிக்கும் உரிமையை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுவிற்பனைக்கு: ஒரே டிசைன், ஒரே சைஸ் ஒருவருக்கு ஒன்று; பில்லுக்கு மொத்தம் 6. கடையில் எச் அண்ட் எம் பயன்படுத்திய முறை நல்லது: வரிசையில் நிற்பவர்களுக்கு வண்ணக் கைப்பட்டை கட்டி, இருபது இருபது பேராக, குறித்த நிமிடங்களுக்கு உள்ளே விடுவது. ஆன்லைனில் கூடையில் போட்டவுடன் 10 நிமிடம் சரக்கைப் பூட்டுங்கள். கிடங்கு எண்ணிக்கை 15 நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் தளத்துக்கு வந்தால் இல்லாததை விற்பீர்கள், பிறகு ரத்து மின்னஞ்சல் அனுப்ப வேண்டிவரும். அந்த இடைவெளியை அன்று மட்டுமாவது சில வினாடிக்குக் கொண்டுவாருங்கள்.

திருப்பித் தரும் கெடுவையும் கவனியுங்கள். 90 நாள் விட்டால், வெளியில் விற்காததை எல்லாம் மூன்றாம் மாதம் கொண்டுவந்து கொட்டுவார்கள், அப்போது அதற்கு மாட்ட ஹேங்கரே இருக்காது. இந்தக் கலெக்‌ஷனுக்கு மட்டும் 14 நாள் என்று விலைச் சீட்டிலேயே அச்சடியுங்கள். திரும்பி வருவதைக் கடையில் தொங்கவிடாமல் நேராக ஆன்லைன் இருப்பில் சேருங்கள். ஒற்றை சைஸ் ஒன்று எங்கோ ஒரு கடை மூலையில் கிடப்பதைவிட, அதைத் தேடுகிறவர் கண்ணில் ஆன்லைனில்தான் படும்.