ட்யூனர் கார்டு: ஸ்கேன் முழுசா ஓடியும் சேனல் 0, கார்டு செத்துப்போச்சா?

ஆன்டெனாக்காரன்:
வணக்கம். பழைய டெஸ்க்டாப்பில் ஆன்டெனா வழியா டிவி பார்க்கலாம்னு செகண்ட்ஹேண்டில் ஒரு ட்யூனர் கார்டு வாங்கினேன். லினக்ஸ் மின்ட் போட்டிருக்கேன். கார்டு தெரியுது, டிரைவரும் ஏறிடுச்சு. காஃபீன்ல (டிவி பார்க்கற புரோகிராம்) ஸ்கேன் விட்டா பச்சைக் கோடு கடைசிவரை ஓடி நிக்குது, கீழே சேனல் 0. அதே ஒயரைப் பிடுங்கி டிவியில சொருகினா எல்லாச் சேனலும் பளிச்சுனு வருது. வேற வாங்கணும்னா எதை வாங்கறது?

ஒயர்மேன்:
கார்டு மேல பழி போடறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. கார்டு ஸ்டிக்கர்ல என்ன எழுதியிருக்கு? டிவியில சிக்னல் விவரம் காட்டற பக்கத்துல என்ன போட்டிருக்கு?

ஆன்டெனாக்காரன்:
ஸ்டிக்கரில் "அனலாக் / டிவிபி-டி". டிவியில் "டிவிபி-டி2, 8 மெகாஹெர்ட்ஸ்". அந்த 2தான் வில்லனா?

ஒயர்மேன்:
அதேதான். ரெண்டும் ஆன்டெனாவுக்கு வர்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறைகள். பேர்ல ஒரு எழுத்துதான் வித்தியாசம், உள்ளே அலையைப் பேக் பண்ற விதமே வேற. டி-யில் 64 கியூஏஎம் (ஒரே தடவையில எவ்வளவு தகவலை அடைக்கிறதுன்னு சொல்ற அளவு) வரைக்கும்தான், டி2-வில் 256 வரை போகும். பிழைதிருத்தும் முறையும் மாறிடுச்சு. இது சிப்புக்குள்ள நடக்கிற வேலை, டிரைவர் மாத்தினா சரியாகாது. டி2 ட்யூனர் பழைய டி-யையும் பிடிக்கும், தலைகீழா நடக்காது. கார்டு நல்லாத்தான் இருக்கு, அதுக்குப் புரியற பாஷையில யாரும் பேசல, அவ்வளவுதான்.

இந்த இழையைப் பின்னாடி படிக்கிறவங்களுக்கு: முதல்ல உங்க நாட்டு முறை என்னன்னு பாருங்க. அமெரிக்கான்னா ஏடிஎஸ்சி, ஜப்பான், பிரேசில்னா ஐஎஸ்டிபி-டி, சீனான்னா டிடிஎம்பி. ஒண்ணோட கார்டு இன்னொண்ணுக்கு ஆகாது.

ராத்திரிப்பறவை:
இடையில ஒரு எச்சரிக்கை. மலிவா கிடைக்கிற ஆர்டிஎல்2832யூ சிப் வச்ச யூஎஸ்பி ட்யூனர் ஸ்டிக்கை "டிஜிட்டல் டிவி"ன்னு மட்டும் போட்டு விப்பாங்க. அந்தச் சிப் தனியா டிவிபி-டி மட்டும்தான். நான் ஏமாந்து வாங்கி, இப்போ அதுல ரேடியோ கேட்டுக்கிட்டிருக்கேன்.

ஆன்டெனாக்காரன்:
அப்போ உள்ளே சொருகற கார்டா, யூஎஸ்பியா? யூஎஸ்பி வேகம் பத்துமா?

ஒயர்மேன்:
தாராளமா. டி2-வில் ஒரு அலைவரிசை (பல சேனல் சேர்ந்து வர்ற ஒரே ஃபிரீக்வென்சி) மொத்தமும் சேர்ந்து உச்சமே 50 மெகாபிட் கிட்டதான், யூஎஸ்பி 2.0 சொல்ற கணக்கு 480. உங்க கார்டு சொருகற பிசிஐ ஸ்லாட் புது மதர்போர்டுல கிடையாது, அதனால யூஎஸ்பியே வாங்குங்க. நாளைக்கு எந்த மெஷினுக்கும் மாத்திக்கலாம். லினக்ஸ்னா எஸ்ஐ2168 சிப் இருக்கிறதா பாருங்க, கர்னலிலேயே (லினக்ஸோட மையப் பகுதி) டிரைவர் இருக்கு. ரெட்டை ட்யூனருக்கு அவசரப்பட வேண்டாம்: ஒரே அலைவரிசையில வர்ற சேனல்களை ஒரே ட்யூனரால பதிவும் பண்ணலாம், பார்க்கவும் செய்யலாம். வேற வேற அலைவரிசைன்னாதான் ரெண்டு வேணும்.

ஆன்டெனாக்காரன் (ஒன்பது நாள் கழித்து):
நீங்க சொன்ன சிப் ஸ்டிக் வந்துடுச்சு. சொருகினா மறுபடியும் 0! அழுகையே வந்துடுச்சு.

ராத்திரிப்பறவை:
டெர்மினல்ல டிமெஸ்ஜி (கர்னல் எழுதற செய்திகளைக் காட்டற கட்டளை) அடிச்சுப் பாருங்க. ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ள ஏத்தற சின்ன மென்பொருள்) கிடைக்கலைன்னு ஒரு வரி இருக்கும். அதுல சொல்ற ஃபைல் பேரை அப்படியே தேடி எடுத்து, லிப் ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஃபர்ம்வேர் ஃபோல்டரில் போட்டு, ஸ்டிக்கைக் கழட்டி மாட்டுங்க.

ஆன்டெனாக்காரன்:
வந்துடுச்சு!! ஒண்ணே ஒண்ணு: மூணு எச்டி சேனல் மட்டும் தட்டித் தட்டி ஓடுது. மத்தது வெண்ணெய்.

ஒயர்மேன்:
அந்த மூணும் எச்இவிசி-யா (வீடியோவை ரொம்பச் சுருக்கி அனுப்பற முறை) இருக்கும், தகவல் பக்கத்துல பாருங்க. அதை அவிழ்க்க உங்க பழைய ப்ராசஸர் மூச்சுவாங்குது, ட்யூனர் மேல தப்பில்ல. வீட்ல புது லேப்டாப் இருந்தா ஸ்டிக்கை அதுல சொருகுங்க.

ஆன்டெனாக்காரன்:
எச்இவிசி-யேதான். மனைவியோட லேப்டாப்ல அருவி மாதிரி ஓடுது. இப்போ லேப்டாப்தான் எனக்குக் கிடைக்க மாட்டேங்குது, அவங்க சீரியல் பார்க்கிறாங்க.